குழந்தையின் அழுகையை எந்த அளவுகோலால் அளப்பது?

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் ஊர்களிலும் திருப்பாலைவனம் பகுதியிலும் தாய் மீன் விற்கச் செல்லும்போது கைக்குழந்தை பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ வளர்வதை நாம் அறிவோம். "தாயைப் பிரிந்தால் குழந்தையின் மனம் கெடும் என்று ஆய்வுகள் கூறுகின்றன" என யாராவது சொன்னால் அந்தத் தாய் கலங்கிப் போவார். ஆய்வுகள் உண்மையில் கூறுவது என்ன?

தாய்-சேய் பிணைப்பை அளக்கும் புகழ்பெற்ற சோதனையை அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உருவாக்கியவர் மேரி ஐன்ஸ்வொர்த். ஒரு வயதுக் குழந்தையைப் புதிய அறையில் விட்டுத் தாய் சில நிமிடங்கள் வெளியே செல்வார். அவர் திரும்பி வரும்போது குழந்தை ஓடி வருகிறதா, முகம் திருப்புகிறதா, தேற்ற முடியாமல் அழுகிறதா என்று பார்ப்பார்கள்.

ஜப்பானில் தேற்ற முடியாமல் அழுத குழந்தைகள் அதிகம். அன்புக் குறைவா காரணம்? இல்லை. தாயை விட்டு அகலாமலே வளரும் அக்குழந்தைகளுக்குத் தனிமை பேரதிர்ச்சியாக இருந்தது என ஆய்வாளர்கள் விளக்கினர். ஒரே சோதனை எல்லா ஊரிலும் ஒரே பொருளைத் தருவதில்லை.

1988-இல் வான் ஐசென்டோர்ன், குரூனென்பெர்க் ஆகியோர் 8 நாடுகளின் 32 ஆய்வுகளைத் தொகுத்தனர். ஏறத்தாழ 2,000 குழந்தைகள். எல்லா நாடுகளிலும் பாதுகாப்பான பிணைப்பே மிகுதி. நாடுகளுக்கிடையே கண்ட வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் கண்ட வேறுபாடு ஒன்றரை மடங்கு அதிகம். ஆனால் 18 ஆய்வுகள் அமெரிக்காவில் நடந்தவை. சீனாவுக்கு 36 குழந்தைகள் மட்டுமே. இந்தியா இடம்பெறவே இல்லை.

எனவே ஆய்வுச் செய்தி எதைக் கேட்டாலும் நாம் மூன்று கேள்விகள் கேட்போம். எத்தனை குழந்தைகளை, எங்கே பார்த்தார்கள்? அச்சோதனை அவ்வூர் வாழ்க்கைக்குப் பொருந்துமா? தாயை மட்டும் பார்த்தார்களா, வளர்க்கும் மற்றவர்களையும் பார்த்தார்களா?

ஒடிசாவின் புவனேசுவரத்தில் 1960-களிலிருந்து குடும்பங்களை ஆராய்ந்த சூசன் சீமோர், பல கைகளில் வளரும் குழந்தைகள் ஒருவரையொருவர் சார்ந்து வாழக் கற்பதை எடுத்துக்காட்டினார்.

இதனால் யாரிடம் விட்டாலும் சரி என்று பொருளல்ல. ருமேனியாவின் காப்பகங்களில், தன்னை அறிந்து தேற்றும் நிலையான ஆளின்றி வளர்ந்த குழந்தைகள் பெரிதும் பாதிக்கப்பட்டனர். அழும்போது தூக்கும் கை நாள்தோறும் மாறாத, பழகிய கையாக இருக்க வேண்டும். அது தாயின் கை மட்டுமே என்பதில்லை.

மீன் கூடையுடன் புறப்படும் தாயைக் குறை கூறுவதை விடுத்து, அவர் திரும்பும்வரை குழந்தையைத் தாங்கும் பாட்டிக்கு நாம் எவ்வகையில் துணை நிற்கலாம் என்று சிந்திப்போம்.