எழும்பூர் கர்க்: உறைக்கிணறுகள் மேல் நிற்கும் கோயில்

1813ஆம் ஆண்டுப் பட்டயத்துக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஸ்காட்லாந்து ஊழியர்களுக்கும் பிரஸ்பிட்டேரியன் குருமாரை நியமித்தது. சென்னையில் அந்தச் சபைக்காக எழுந்தது இந்தப் புனித அந்திரேயா கோயில். ஸ்காட்லாந்து வழக்கில் ‘கர்க்’ என்றால் கோயில். ஊரும் அப்பெயரையே பிடித்துக்கொண்டது.

1818இல் வேலை தொடங்கியபோது கூவம் கரையின் இளகிய மண் பெருந்தலைவலி. பொறியாளர் டி ஹாவிலண்ட் உள்ளூர்க் கைவேலையை நம்பினார்: உறைக்கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் அஸ்திவாரம் போட்டார். நீங்கள் நிற்கும் தரைக்கடியில் இருப்பவை அவைதாம். கறையானுக்கு அஞ்சி, கூரைக்கு மர உத்திரம் வேண்டாமென்று செங்கல் குவிமாடம் எழுப்பினார்கள். அண்ணாந்து பாருங்கள்: 16 தூண்கள் தாங்கும் நீல வானம், அதில் விண்மீன்கள். கோபுரம் மட்டும் லண்டன் செயின்ட் மார்ட்டின் கோயிலின் சாயல்.

1821இல் வழிபாடு தொடங்கியது. துரைமார்களோடு நின்றுவிடாமல், 1835இல் இச்சபையின் குருமார் இருவர் சிறுவர்களுக்காகப் பள்ளி ஒன்றைத் திறந்தார்கள். இன்று தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு அதுவே வித்து. கர்க் இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயத்தைச் சேர்ந்தது.