கடைசி ஆளுக்குப் பின்னாடி ஒரு ஆள்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. ஆணி அதிகம் மக்களே. டெஸர்டேஷன் இன்னும் பாதிகூடத் தாண்டலை. ஆனா இதை எழுதாம அதுவும் ஓடாது போலிருக்கு.

முதல்ல ஒரு டிஸ்கி: நான் டாக்டரும் இல்ல, கோச்சும் இல்ல. ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல லெமன் அண்ட் ஸ்பூன்லகூட கடைசியா வந்த கேஸு. உங்க உடம்புக்கு எது சரின்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

சரி, மேட்டருக்கு வருவோம். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

போன செப்டம்பர்ல மாஸ்டர்ஸ் படிக்க லண்டன் வந்தேன். ஈஸ்ட் ஹாம்ல ஒரு ரூம். பொன்னி அரிசி, முருங்கைக்காய், கொத்து பரோட்டா எல்லாம் நடக்கிற தூரத்துல. திருச்சியில சாப்பிட்டதைவிட இங்க வந்துதான் பரோட்டா அதிகமா சாப்பிட்டேன்னு சொன்னா அம்மா நம்ப மாட்டாங்க. நவம்பர்ல ஓயாத அசதி. சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டுற ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். ரூம்மேட் பிடிவாதம் பிடிச்சதால போய் ரத்தம் கொடுத்தேன். ரெண்டு சேதி வந்துச்சு. வைட்டமின் டி கம்மி. ஹெச்பிஏ1சி 43.

இந்த ஹெச்பிஏ1சிங்கிறது ஏறக்குறைய மூணு மாசத்து ரத்தச் சர்க்கரையோட சராசரிக் கணக்கு. இங்கிலாந்து கணக்குப்படி 42 முதல் 47 வரைக்கும் இருந்தா சர்க்கரை நோயோட வாசப்படி. 48ஐத் தொட்டா வீட்டுக்குள்ள வந்துடுச்சுன்னு அர்த்தம்.

எனக்கு வயசு 24. அப்பாவுக்கு 38ல வந்துச்சு. போன வருஷம் அவரோட இடது கால்ல ரெண்டு விரலை எடுத்தாங்க. அதனால அந்த 43ஐ வெறும் நம்பரா என்னால பார்க்க முடியலை.

ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொன்ன நர்ஸம்மா நிதானமா விளக்கினாங்க. தெற்காசியர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பு வெள்ளைக்காரங்களைவிட 2 முதல் 4 மடங்கு அதிகம். அதுவும் கம்மி வயசுலயே, கம்மி எடையிலயே வரும். அதனாலதான் மத்தவங்களுக்கு பிஎம்ஐ 25ல அடிக்கிற எச்சரிக்கை மணி, இங்க நமக்கு 23லயே அடிக்குது. "ஒல்லியாத்தானே இருக்கேன்"னு நான் சொன்னதுக்கு ஒரு சிரிப்புதான் பதில்.

அன்னைக்கு ராத்திரியே ஷூ வாங்கி, மறுநாளே ஓட ஆரம்பிச்சேன். பயத்துல ஓடுறவளுக்கு வேகம் கேக்கணுமா? தினமும் ஓட்டம், தினமும் முழு மூச்சு. மூணாவது வாரம் முழங்காலுக்குக் கீழ, முன்பக்க எலும்பு ஓரத்துல சுருக் சுருக்குனு வலி. மாடிப்படி இறங்கவே கம்பியைப் பிடிக்க வேண்டியதாப் போச்சு. அவ்வ்வ்வ்...

அப்புறம்தான் புரிஞ்சுது. இதயமும் நுரையீரலும் சில வாரத்துலயே பழகிக்கும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாசக்கணக்கு ஆகும். மூச்சு "போலாம் ரைட்"டுங்கும், கால் "இரு, இரு"ங்கும். கால் பேச்சைத்தான் கேக்கணும். ரெண்டரை வாரம் ஓய்வு. அதுக்கப்புறம் ஒழுங்கா, முதல்லேர்ந்து.

நான் செஞ்சதைச் சொல்றேன், ஆரம்பிக்கிறவங்களுக்கு உபயோகப்படலாம்:

1. வாரத்துக்கு 3 நாள் மட்டும். 'கவுச் டு 5கே'னு 9 வாரத் திட்டம் இருக்கு. ஜோஷ் கிளார்க்குனு ஒரு அமெரிக்கர் 1996ல போட்டது. இங்க என்.ஹெச்.எஸ்.ஸே அதைச் செயலியா இலவசமாத் தருது. முதல் வாரம் 5 நிமிஷம் வேக நடை, அப்புறம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடைன்னு மாத்தி மாத்தி 20 நிமிஷம். அவ்வளவுதான். நடக்கிறது தோல்வி இல்ல, அதுவும் பயிற்சியோட பாதி.

2. முழு வாக்கியமாப் பேச முடியுற வேகம்தான் சரியான வேகம். நான் அம்மாவுக்கு போன் போட்டுட்டு ஓடுவேன். "என்னடி, மூச்சு வாங்குது?"ன்னு அம்மா கேட்டா வேகம் ஜாஸ்தி. "சாப்பிட்டியா?"ன்னு கேட்டா வேகம் கரெக்ட். எந்த வாட்சும் வேணாம் :-)

3. ஓடாத நாள்ல நடை. தொடர்ந்து ரெண்டு நாள் சும்மா இருக்க மாட்டேன். காரணம் இருக்கு. ரத்தத்துல இருக்கிற சர்க்கரை தசைக்குள்ள போறதுக்கு இன்சுலின்தான் சாவி. ஆனா தசை வேலை செய்யும்போது சாவி இல்லாமலே ஒரு பக்கக் கதவு திறக்குது. உழைச்ச தசை அடுத்த ஒரு நாள், ஒன்றரை நாளுக்கு இன்சுலின் பேச்சையும் நல்லாக் கேக்கும். அப்புறம் பழையபடி மந்தமாயிடும். ஞாயித்துக்கிழமை மட்டும் விழுந்து விழுந்து ஓடுறதைவிட, தவறாம கொஞ்சம் கொஞ்சமா உழைக்கிறது இதுக்குத்தான்.

4. படிக்கட்டு விளிம்புல நின்னு குதிகாலை ஏத்தி இறக்குறது, நாற்காலியில உக்காந்து எழுந்திருக்கிறது. வாரம் ரெண்டு தடவை. கெண்டைக்கால் வலுவானதும் வலி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை.

5. வைட்டமின் டி. அக்டோபர்லேர்ந்து மார்ச் தொடக்கம் வரைக்கும் இந்த ஊர் வெயில் நம்ம தோலுக்குப் பத்தாது. எல்லாருமே அந்த மாசங்கள்ல தினம் 10 மைக்ரோகிராம் எடுக்கலாம்னும், நம்மள மாதிரி கறுத்த தோல்காரங்க வருஷம் முழுக்கவே யோசிக்கலாம்னும் இங்க அரசாங்க ஆலோசனை. எனக்கு ரொம்பக் கம்மியா இருந்ததால டாக்டர் தனி அளவு கொடுத்தார்.

மார்ச்ல ஒரு சனிக்கிழமை, ரூம்மேட் இழுத்துட்டுப் போனா. மேனர் பார்க் ஸ்டேஷன்லேர்ந்து கொஞ்சம் நடந்தா வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ். பேரைக் கேட்டு அடுக்குமாடிக் குடியிருப்புன்னு நினைச்சேன். பரந்த புல்வெளி! காலை 9 மணிக்கு அங்க பார்க்ரன். 5 கிலோமீட்டர், காசு கிடையாது, நடத்துறது முழுக்கத் தன்னார்வலர்கள்.

இதோட கதை 2004 அக்டோபர் 2ல, இதே லண்டன்ல புஷி பார்க்ல தொடங்குது. பால் சின்டன்-ஹியூவிட்னு ஒருத்தர். அடிபட்டு ஓட முடியாம இருந்த நேரம், வேலையும் போயிருந்துச்சு. ஓட்டக்கார நண்பர்களைப் பார்க்காம இருக்க முடியலை. "நீங்க ஓடுங்க, நான் நேரம் குறிக்கிறேன்"னு கூப்பிட்டார். வந்தது 13 பேர். முடிச்சவங்களுக்கு வரிசை எண் கொடுக்க, இரும்புக்கடை வாஷர்ல நம்பர் குத்திக் கொடுத்தாங்க. இன்னைக்கு அது 20க்கு மேற்பட்ட நாடுகள்ல சனிக்கிழமை தவறாம நடக்குது. ஓட முடியாதவர் ஆரம்பிச்ச ஓட்டம்ங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச விஷயம்.

ஆனா அன்னைக்கு எனக்கு ஒரே கவலைதான். கடைசியா வந்துடுவேனோ?

வரலை. வரவும் முடியாது! ஏன்னா எல்லாருக்கும் பின்னாடி 'டெயில் வாக்கர்'னு ஒரு தன்னார்வலர் நடந்து வருவார். எவ்வளவு மெதுவா நீங்க வந்தாலும், உங்களுக்குப் பின்னாடி அவர் இருப்பார். கடைசி இடம் அவருக்குன்னே ஒதுக்கினது. நான் 46 நிமிஷத்துல முடிச்சேன். எனக்குப் பின்னாடி தாத்தா ஒருத்தர், பிள்ளை வண்டி தள்ளிட்டு வந்த ஒரு அம்மா, அவங்களுக்கும் பின்னாடி அந்த டெயில் வாக்கர். மூணு பேரும் அரட்டை அடிச்சுட்டே வந்தாங்க.

எங்க ஏரியாவுக்குப் பக்கத்துல, இல்ஃபோர்டுல வாழ்ந்தவர் ஃபௌஜா சிங். மகனைப் பறிகொடுத்த துக்கத்துல இருந்து மீள ஓட வந்தவர். 2000ல லண்டன் மராத்தானை 89 வயசுல, 6 மணி 54 நிமிஷத்துல முடிச்சார். 2011ல டொரண்டோவுல, 100 வயசுல, 8 மணி நேரத்துக்கு மேல ஆச்சு. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால கின்னஸ் அதை ஏத்துக்கலை. 2013 வரைக்கும் பந்தயங்கள்ல ஓடினார். 2025 ஜூலையில பஞ்சாப்ல, சொந்த ஊர்ல, ரோட்டைக் கடக்கும்போது வண்டி மோதி இறந்து போனார். அந்த 8 மணி நேரத்தை யாராவது "மெதுவா"ன்னு சொல்வாங்களா?

இதையெல்லாம் அப்பாகிட்ட போன்ல சொல்லிட்டே இருப்பேன். புண் நல்லா ஆறி, எம்.சி.ஆர். செருப்பு போட்டுக்கிட்டு நடக்கலாம்னு டாக்டர் சொல்லி நாலு மாசம் ஆகியும் அவர் வீட்டை விட்டு இறங்கலை. கேட்டா வெயில்பார், நாய்பார். ஒருநாள் தானாவே சொன்னார்: "அண்ணா ஸ்டேடியத்துல எல்லாரும் என்னைத் தாண்டித் தாண்டிப் போவாங்க பாப்பா. தெரிஞ்சவங்க வேற. காலைத்தான் பார்ப்பாங்க."

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. வருஷக்கணக்கா சோம்பேறித்தனம்னு அவரைத் திட்டிட்டு இருந்திருக்கோம்.

போன மாசம் டெயில் வாக்கரா நானே பேர் கொடுத்தேன். முழங்கால் வலியோட ஒரு பெரியம்மா, அவங்களோட ஒரு மணி நேரத்துக்கு மேல. முடிச்சதும் அப்பாவுக்கு போன். அங்க மத்தியானத் தூக்கம். "அப்பா, இன்னைக்கு நான்தான் கடைசி"ன்னேன். "ஏம்மா, கால் வலியா?"ன்னு பதறினார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்ல. "அதுக்குன்னே ஒரு ஆளா?"ன்னார்.

மறுநாள் அம்மா மெசேஜ். சாயங்காலம் எங்க தெருவுலயே பத்து நிமிஷம் நடந்திருக்கார். அவருக்கு நாலடி பின்னாடி அம்மா. "நான்தான் கடைசி, நீங்க போங்க"ன்னு சொல்லிட்டே போனாங்களாம்.

பெரிய மாற்றம்னு எல்லாம் சொல்ல வரலை. வாரத்துல நாலு நாள் நடக்கிறார், மூணு நாள் நாய்பார். திரும்பி வந்ததும் அம்மா பாதத்தைப் புரட்டிப் பார்த்து, சிராய்ப்பு ஏதாவது இருக்கான்னு தேடுறாங்க. என்னோட நம்பர் ஜூன்ல 41. கோட்டுக்கு ஒரு புள்ளி கீழ, பரோட்டா குறைச்சதுக்கும் அதுல பங்கு இருக்கு. பார்க்ரன் நேரம் 38 நிமிஷம். அடுத்தது 10 கிலோமீட்டர்.

உங்க வீட்லயும் நடக்கச் சொன்னா சாக்கு சொல்ற ஆள் இருந்தா, இந்த வாரம் திட்டாதீங்க. செருப்பை மாட்டிக்கிட்டு, அவங்களுக்கு நாலடி பின்னாடி நடந்து பாருங்க.

வர்ட்டா... ஆணி கூப்பிடுது.