கிராமத்து நூல்நிலையமும் நாமும்

நோர்வேயில் ஒரு சிறிய ஊருக்கு அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பத்துக்கு முதல் கிழமையிலேயே சில இடங்கள் அறிமுகமாகிவிடும். கொம்யூன் அலுவலகம், பள்ளிக்கூடம், வைத்தியர், சாமான் கடை, வேலை கிடைத்தால் மீன் தொழிற்சாலை. இந்தப் பட்டியலில் நூல்நிலையம் அனேகமாக இருப்பதில்லை. கொம்யூன் கட்டிடத்தின் ஒரு மூலையிலோ பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்திலோ ‘பிபிலியோதேக்’ என்ற பலகை தொங்கிக்கொண்டிருக்கும். அது படித்த நோர்வேஜியர்களுக்கான இடம், மொழி பிடிபட்ட பிறகு பார்க்கலாம் என்று எம்மவர் பலர் அதைக் கடந்து போய்விடுகின்றனர். சிலருக்கு அந்தக் கதவு வருடக்கணக்காகத் திறபடுவதேயில்லை.

ஆனால் மொழி தெரியாத காலத்தில்தான் அந்த இடம் கூடுதலாகப் பயன்படுகிறது. அது யாருடையது என்பதிலிருந்து தொடங்குவோம்.

இந்த நாட்டின் பொது நூல்நிலையச் சட்டம் 1985ஆம் ஆண்டுக்குரியது. நூல்களையும் பிற சாதனங்களையும் ‘நாட்டில் வசிக்கும் எல்லோருக்கும்’ இலவசமாகக் கொடுப்பதே நூல்நிலையத்தின் பணி என்று அதன் முதற் பிரிவு சொல்கிறது. பிரஜைகளுக்கு என்று சொல்லவில்லை. விசா என்ன வகை, வருமானம் எவ்வளவு, எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்ற கேள்வி எதுவும் அதில் இல்லை. ஒவ்வொரு படிவத்திலும் எம்மை ஒரு வகைக்குள் போட்டுப் பார்க்கும் நாட்டில் இப்படியொரு வசனத்தைக் காண்பது அபூர்வம். வசிப்பது மட்டுமே தகுதி!

அதே சட்டம், ஒவ்வொரு கொம்யூனிலும் ஒரு பொது நூல்நிலையம் இருந்தே ஆகவேண்டும் என்கிறது. நோர்வேயில் இன்று 350க்கு மேற்பட்ட கொம்யூன்கள் உள்ளன. அவற்றுள் மிகச் சிறியது மேற்குக் கரைக்கு அப்பால் கடலில் கிடக்கும் உட்சீரா தீவு. அங்கே சனத்தொகை ஏறத்தாழ 200 பேர்தான். எங்கள் ஊரில் ஒரு கலியாண வீட்டுப் பந்தலுக்குள் அடங்கக்கூடிய சனம். அங்கும் நூல்நிலையம் உண்டு.

சிறிய ஊர் என்பதால் பழைய புத்தகங்கள்தான் இருக்கும் என்று நினைப்பதற்கும் இடமில்லை. 1965ஆம் ஆண்டு தொடக்கம் அரசு புதிய நோர்வேஜிய இலக்கிய நூல்களை வாங்கி நூல்நிலையங்களுக்கு அனுப்பி வருகிறது. ஒஸ்லோவில் பேசப்படும் நாவல் ஃபின்மார்க்கின் மீன்பிடிக் கிராமத்து அலுமாரியிலும் இருக்கும். தலைநகர்ப் பிள்ளைக்குக் கிடைப்பது தூரத்துப் பிள்ளைக்கும் கிடைக்கவேண்டும் என்ற கொள்கையை இங்கே ஓரளவுக்காவது காசு போட்டுச் செய்திருக்கிறார்கள்.

கட்டிடம் எழுப்ப முடியாத இடங்களுக்குப் புத்தகங்களே பயணம் செய்தன. மேற்குக் கரையில் ‘ஈப்பொஸ்’ என்ற புத்தகக் கப்பல் 1963இலிருந்து ஓடியது. சுமார் 6000 நூல்களுடன் குளிர்காலத்தில் ஃபியோர்டுகளுக்குள் நுழைந்து, இறங்குதுறை மட்டுமே உள்ள சின்னஞ்சிறு குடியிருப்புகளில் தரித்து நிற்கும். புத்தகத்தோடு ஒரு எழுத்தாளரோ கலைஞரோ கூட வருவதுண்டு. 2020இல் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. செலவைத் தொடர்ந்து கொடுக்க ஆளில்லாமல் போனதே காரணம். வடக்கே சாமி மக்களின் பகுதிகளில் சாமி மொழி நூல்களோடு பஸ்கள் ஓடுகின்றன. சிறுபான்மை மொழியொன்றுக்காகச் சில்லுப் பூட்டிய நூல்நிலையம்! எமது மொழிக்கும் இங்கே ஒரு வழி இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

நூல்நிலையம் எமக்குப் புதிய விடயம் அல்ல. சந்திக்குச் சந்தி வாசிகசாலை வைத்து வளர்ந்தவர்கள் நாம். காலையில் பேப்பர் வந்ததும் ஒரு தாளை நான்கு பேர் பிரித்துப் படித்த வாங்குகளை யார் மறப்பார்? யாழ்ப்பாணப் பொது நூலகமே 1933இல் கே. எம். செல்லப்பா அவர்கள் தமது வீட்டில் வைத்த இலவச வாசிப்பு ஏற்பாட்டிலிருந்து வளர்ந்ததுதான். 1981 யூன் முதலாம் திகதி இரவோடு அது எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் சாம்பலாயின. 2003இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் எரிந்த ஏடுகள் எரிந்தவைதான்.

இந்தக் கதையை வடநோர்வேயில் ஒரு முதியவரிடம் சொன்னால் அவருக்கு விளக்கம் தேவைப்படாது. 1944 இலையுதிர் காலத்தில் பின்வாங்கிய ஜேர்மன் படை ஃபின்மார்க்கையும் வடதுறொம்ஸையும் கொளுத்திக்கொண்டே போனது. ஹமர்ஃபெஸ்ட் நகரில் சவக்காலைச் சிற்றாலயம் ஒன்றுதான் மிஞ்சியது. சனங்கள் தெற்கே கொண்டுபோகப்பட்டனர். சிலர் குகைகளுக்குள் ஒளிந்து குளிர்காலத்தைக் கழித்தனர். இன்று அந்தப் பகுதியில் நாம் காணும் பெட்டி போன்ற எளிய வீடுகளும் பள்ளிக்கூடங்களும் நூல்நிலையங்களும் அதற்குப் பின் கட்டப்பட்டவை. எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் அங்கே மீன் தொழிற்சாலைகளுக்கு வந்த எம்மவர், எரிந்து மீண்ட ஊர்களுக்கே வந்தார்கள். அயலவரோடு பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. அந்த ஊர் வரலாற்று நூல்கள் நூல்நிலையத்தில் படங்களோடு இருக்கும். வாசிக்க முடியாவிட்டாலும் பார்க்கலாம், விரலை வைத்துக் கேட்கலாம்.

மொழி தெரியாதவர் அங்கே போய் என்ன செய்வது? முதலில், சும்மா இருக்கலாம். குளிர்நாட்டுக் கிராமத்தில் காசு கொடுக்காமல், காரணம் சொல்லாமல் உள்ளே போய் இருக்கக்கூடிய சூடான இடங்கள் எத்தனை? கோப்பிக் கடையில் கோப்பி வாங்கவேண்டும். கொம்யூன் அலுவலகத்தில் இலக்கம் எடுக்கவேண்டும். நூல்நிலையத்தில் மட்டும் எதற்கு வந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கணவர் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின் நான்கு சுவரோடு பேசிக்கொண்டிருக்கும் எமது பெண்களுக்கு இது சிறிய விடயமல்ல. பல ஊர்களில் கிழமையில் ஒரு நாள் ‘மொழிக் கோப்பி’ நடக்கிறது. ஓய்வுபெற்ற நோர்வேஜியப் பெண்கள் வந்து மேசையைச் சுற்றி இருப்பார்கள். பின்னல், பேரப்பிள்ளை, காலநிலை என்று கதை போகும். வகுப்பில் ஆறு மாதத்தில் வராத வாய் இங்கே ஆறு கிழமையில் வருவதைக் கண்டிருக்கிறோம்.

அடுத்தது வாசிப்பு. இலகு மொழியில் எழுதப்பட்ட நாவல்களுக்குத் தனி அலுமாரி இருக்கும். ‘கிளார் தாலெ’ என்ற இலகு நடைப் பத்திரிகை 1990இலிருந்து வெளிவருகிறது. அதைத் தேடிப் பாருங்கள். பெரியவர்கள் பிள்ளைகளின் படப் புத்தகத்தை எடுப்பதில் வெட்கம் வேண்டாம். பல்லுத் துலக்குவது, சப்பாத்துக் கட்டுவது, கோபித்துக்கொள்வது என்று வீட்டுப் பேச்சு முழுவதும் அதற்குள்தான் கிடக்கிறது. பாடப் புத்தகத்தில் அது இல்லை.

இனித் தமிழுக்கு வருவோம். நோர்வேயில் பன்மொழி நூல்நிலையம் என்ற அமைப்பு உண்டு. நெடுங்காலம் ஒஸ்லோவின் டைக்மன் நூல்நிலையத்தோடு இருந்தது. 2017இலிருந்து தேசிய நூல்நிலையத்தின் பொறுப்பில் உள்ளது. பல மொழிகளில் நூல்களைச் சேர்த்து, நாட்டின் எந்தச் சிறு நூல்நிலையம் கேட்டாலும் கட்டாக அனுப்பிவைப்பது அதன் வேலை. தமிழ் அவற்றுள் ஒன்று. ஆனால் அது தானாக வராது. உங்கள் ஊர் நூலகர் கேட்கவேண்டும், அவர் கேட்க நீங்கள் அவரிடம் கேட்கவேண்டும். ‘தமிழ்ப் புத்தகம் வேண்டும்’ என்று இரண்டு சொல் சொன்னாலே போதும், மிச்சம் அவர் பார்த்துக்கொள்வார். ஒரு குடும்பம் கேட்பதைவிட மூன்று குடும்பம் சேர்ந்து பெரியவர்களுக்கு இத்தனை, பிள்ளைகளுக்கு இத்தனை என்று கேட்பது நல்லது. வந்த பெட்டியைத் திறவாமல் விட்டால் அடுத்த பெட்டி வருவது சந்தேகம்.

இதிலே எமக்கு வேறொரு ஆதாயமும் உண்டு. தன் வகுப்பு நண்பர்கள் புத்தகம் எடுக்கும் அதே இடத்தில், அதே அலுமாரியில், தமிழ் எழுத்தைக் காணும் பிள்ளை அதை வீட்டுக்குள் மட்டும் பேசி ஒளிக்கவேண்டிய மொழி என்று நினைக்காது. தமிழ்ப் பாடசாலை இல்லாத ஊர்களில் இதுவே முதல் துணை.

அட்டை எடுப்பது சுலபம். அடையாளமும் விலாசமும் கொண்டுபோனால் போதும். ஆள் இலக்கம் இன்னும் கிடைக்காதவர்களும் பேசாமல் திரும்பாமல் கேட்டுப் பார்க்கவேண்டும், பல இடங்களில் வழி செய்கிறார்கள். பிந்திக் கொடுத்தால் சில இடங்களில் தண்டம் அறவிடுவார்கள். தொலைத்தால் விலை கட்டவேண்டும். மாறி மாறி வேலை நேரம் உள்ளவர்களுக்கு இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. பல கொம்யூன்களில் ஒப்பந்தமொன்றில் கையெழுத்திட்டால், நூலகர் இல்லாத நேரத்திலும் அட்டையைக் காட்டி, இரகசிய இலக்கத்தை அழுத்தி உள்ளே போகலாம். ஊர் முழுவதையும் நம்பிக் கதவைத் திறந்து விடுகிறார்கள்.

இவ்வளவும் என்றைக்கும் நிலைக்குமா? நூல்நிலையம் இருக்கவேண்டும் என்று சொல்லும் சட்டம், கிழமையில் எத்தனை மணித்தியாலம் திறந்திருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. கொம்யூனுக்குக் காசு முட்டுப்பட்டால் முதலில் கை வைப்பது அந்த மணித்தியாலங்களில்தான். ஐந்து நாள் மூன்றாகும், மூன்று ஒன்றாகும். ‘ஈப்பொஸ்’ கப்பல் போன வழி எமக்குத் தெரியும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நூல் போனது என்ற கணக்கு ஒவ்வொரு வருடமும் எடுக்கப்படுகிறது. எமது குடும்பங்கள் எடுக்கும் ஒவ்வொரு புத்தகமும் அந்தக் கணக்கில் ஏறுகிறது. கொம்யூன் தேர்தலில் மூன்று வருடம் சட்டப்படி வசித்தவர்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாமலே வாக்கு உண்டு. நூல்நிலைய நேரம் கொம்யூன் சபையில் தீர்மானிக்கப்படும் விடயம் என்பதை வாக்குக் கேட்டு வருபவர்களிடம் நினைவூட்டுவது தவறாகாது.

யூன் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டுகிறது. கோடை விடுமுறையில் பல கிராமத்து நூல்நிலையங்கள் குறைந்த நேரமே திறந்திருக்கும். தமிழ்ப் பெட்டி வந்துசேர நாள் எடுக்கும். ஆகவே விடுமுறைக்கு வேண்டியதை மே மாதத்திலேயே சொல்லி வையுங்கள்.