செலுத்து தண்டுக்கு ஏற்ற குழாய்

கிராமத்துக்கும் கடைத்தெருவுக்கும் இடையே நல்ல சாலை அமைவது வளர்ச்சியின் முதற்படியாகும். ஆயினும் சாலை முடிகிற இடத்தில் பயணம் முடிவதில்லை. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட தார்ச்சாலை ஏறுகிறது. அங்கிருந்து மிளகுத் தோட்டங்களுக்குப் பிரியும் கிளைப் பாதைகள் பல இன்றும் கல்லும் மண்ணுமாகவே இருக்கின்றன. ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் இத்தகைய பாதைகள் உண்டு. இவ்விடங்களில் விளைபொருளை இறக்குவதும், உரத்தையும் மருந்தையும் ஏற்றுவதும், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதும் நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் ஜீப்புகளும் சிறு டிரக்குகளுமே.

அத்தகைய வண்டியின் அடிப்புறத்தில் என்ஜினின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் நீண்ட தண்டு ஒன்று இருக்கிறது. பட்டறைகளில் இதனைப் புரொப்பெல்லர் ஷாப்ட் என்பர். நாம் செலுத்து தண்டு எனலாம். பாறையில் அடிபட்டு இதன் குழாய் நசுங்கினாலோ முறுகினாலோ புதுக் குழாய் போட வேண்டி வரும். அப்பொழுது எந்தக் குழாயைத் தேர்ந்தெடுப்பது என்பது சிறு செலவைப் பற்றிய கேள்வி போலத் தோன்றும். உண்மையில் அது உயிரைப் பற்றிய கேள்வியாகும். சரிவில் இறங்கும் வண்டியின் தண்டு முறிந்தால், என்ஜின் அந்தச் சக்கரங்களைப் பிடித்து நிறுத்த இயலாது. சில வண்டிகளில் கைப்பிரேக்கும் இத்தண்டின்மீதே இயங்குவதால் அதுவும் உடன் பயனற்றுப் போகும்.

தண்டு தாங்கும் முறுக்கு

என்ஜின் தரும் முறுக்குவிசை அப்படியே தண்டுக்கு வருவதில்லை; கியர்களால் பெருகியே வருகிறது. ஒரு வண்டியின் என்ஜின் 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு தருவதாகக் கொள்வோம். முதல் கியர் அதனை 4 மடங்காக்குகிறது. மேடேறுவதற்கென உள்ள தாழ்ந்த கியர் மேலும் இரண்டரை மடங்காக்குகிறது. ஆகவே தண்டுக்கு வருவது 2,000 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள நெம்புகோலின் முனையில் சுமார் 200 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்குக்கு இது சமம். வழுக்கிச் சுழலும் சக்கரம் திடீரெனப் பாறையைப் பற்றும்போது ஏற்படும் அதிர்ச்சி இதற்கும் மேலாகும். மேலும், முன் சக்கரங்கள் பிடிப்பிழந்தால் இரு தண்டுகள் பகிர வேண்டிய சுமையைப் பின் தண்டு ஒன்றே தாங்க நேரிடும்.

கம்பியா, குழாயா?

“உள்ளே வெற்றிடமாக உள்ள குழாயைவிடக் கனத்த இரும்புக் கம்பி பலமானதன்றோ?” என்று சிலர் கேட்கக்கூடும். முறுக்கும்போது ஒரு தண்டின் வெளிப்புறமே பெரும் பங்கு சுமையை ஏற்கிறது. நடுப்பகுதி எடையைக் கூட்டுகிறதேயன்றி வேலையில் அதிகம் பங்கு கொள்வதில்லை. வெளிவிட்டம் 76 மில்லிமீட்டரும் கனம் 3 மில்லிமீட்டரும் உள்ள குழாய், ஒரே வகை எஃகாயின், 50 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பிக்கு ஏறக்குறையச் சமமான முறுக்கைத் தாங்கும். குழாயின் எடை மீட்டருக்கு சுமார் 5.4 கிலோ, கம்பியின் எடையோ 15.4 கிலோ. மூங்கில் உள்ளீடின்றியே உறுதியாக நிற்பதை அறிந்த நம் விவசாயிகளுக்கு இது புதுமையன்று.

கனத்தைக் கூட்டுவதா, விட்டத்தைக் கூட்டுவதா?

பழைய குழாய் 76 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 2 மில்லிமீட்டர் கனமும் உடையது எனக் கொள்வோம். அதைவிட உறுதியானது வேண்டுமெனில் வழிகள் இரண்டு.

ஒன்று, வெளிவிட்டத்தை மாற்றாமல் கனத்தை 3 மில்லிமீட்டராக்குவது. முறுக்கைத் தாங்கும் வலிமை சுமார் 44 சதவீதம் உயரும். எடை 48 சதவீதம் கூடும். மற்றொன்று, கனத்தை 2 மில்லிமீட்டராகவே வைத்து விட்டத்தை 89 மில்லிமீட்டராக்குவது. இதில் வலிமை சுமார் 39 சதவீதம் உயரும். எடை 18 சதவீதமே கூடும்.

கணக்கின்படி இரண்டாவதே சிக்கனமானது. தார்ச்சாலையில் விரைந்தோடும் வண்டிக்கு அதுவே பொருந்தும். கல் நிறைந்த பாதையிலோ நிலைமை வேறு. பெரிய குழாய் தரைக்கு நெருங்கி நிற்கும். மெல்லிய சுவர் ஓர் அடியிலேயே குழிந்துவிடும். குழிந்த குழாய் தன் வலிமையை இழந்து, அக்குழியிலிருந்தே முறுகத் தொடங்கும். ஆகவே பாறைப் பாதையில் ஓடும் வண்டிக்குக் கனத்த சுவருள்ள குழாயே ஏற்றது.

ஒன்று கவனிக்க வேண்டும். குழாயின் உட்புறத்தில் யோக் என்னும் கவைத் துண்டின் கழுத்து இறுக்கமாகப் பொருந்தி நிற்கும். வெளிவிட்டம் மாறாமல் கனம் 1 மில்லிமீட்டர் கூடினால் உள்விட்டம் 2 மில்லிமீட்டர் குறையும். பழைய யோக் பொருந்தாது. எனவே குழாயையும் அதற்குரிய யோக்கையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

தண்ணீர்க் குழாய் உதவாது

இரண்டரை அங்குலத் தண்ணீர்க் குழாயின் வெளிவிட்டம் 76.1 மில்லிமீட்டர். மூன்று அங்குலச் செலுத்து தண்டுக் குழாயின் வெளிவிட்டமோ 76.2 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கிணற்றடியில் கிடக்கும் துண்டை வெட்டிப் பற்றவைக்கும் ஆசை இதனாலேயே எழுகிறது. அளவு ஒன்றாயினும் பொருள் வேறு. தண்ணீரைக் கசியாமல் கொண்டு செல்வதற்கான குழாய், முறுக்கைத் தாங்குவதற்கென ஆக்கப்பட்டதன்று. அதன் எஃகு மென்மையானது. சுவர்க் கனமும் எங்கும் சீராக இராது. கனம் சீரற்ற குழாய் வேகமாகச் சுழலும்போது நடுங்கும். துத்தநாகம் பூசிய குழாயாயின் பற்றவைப்பும் கெடும். அதனின்று எழும் புகை தொழிலாளிக்கும் தீங்கானது.

இந்தியத் தர அமைவனம் தண்ணீர்க் குழாய்க்கு 1239 என்னும் எண்ணிலும், மோட்டார் வண்டிகளுக்கான எஃகுக் குழாய்க்கு 3074 என்னும் எண்ணிலும் தனித்தனித் தரங்களை வகுத்திருக்கிறது. குழாய் வாங்குவோர் இரண்டாவது எண்ணைக் கேட்டு, விற்பனைச் சீட்டிலும் குறித்துப் பெறுவது நன்று.

மோட்டார்க் குழாய்களிலும் வகையுண்டு. தகட்டைச் சுருட்டி மின்சாரத்தால் இணைத்த குழாய் ஒரு வகை. அதையே குளிர்ந்த நிலையில் அச்சின்மேல் இழுத்துச் சீர்ப்படுத்திய குழாய் மற்றொரு வகை. இழுத்த குழாயில் எஃகு இறுகி வலிமை உயர்கிறது; விட்டமும் கனமும் சீராகின்றன. விலை கூடுதலாயினும் கரடுமுரடான பாதைக்கு அதுவே சிறந்தது.

நீளமும் வேகமும்

எந்தத் தண்டுக்கும் ஒரு வேக எல்லை உண்டு. அதனை எட்டினால் தண்டு வில்லைப்போல் வளைந்து சுழன்று முறியும். மூட்டுக்கு மூட்டு 1.5 மீட்டர் நீளமுள்ள தண்டில், மேற்கூறிய 3 மில்லிமீட்டர் கனக் குழாய்க்கு இவ்வெல்லை கணக்கின்படி நிமிடத்துக்குச் சுமார் 5,500 சுற்று. அதே நீளமுள்ள 50 மில்லிமீட்டர் கம்பிக்கோ சுமார் 2,700 சுற்றே. நீளம் இரு மடங்கானால் எல்லை நான்கில் ஒரு பங்காகக் குறையும். வண்டி ஓடும்போது இவ்வெல்லையில் முக்கால் பங்கைத் தாண்டாதிருப்பதே பாதுகாப்பு. உயர்தர எஃகைப் போட்டாலும் இந்த எல்லை உயராது. ஏனெனில் எஃகு வகைகள் யாவும் வளைவதில் ஏறக்குறைய ஒரே தன்மையன. நீண்ட தண்டாயின் அதனை இரண்டாகப் பிரித்து, நடுவில் சென்டர் பேரிங் வைத்துத் தாங்குவதே வழி.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

1. வண்டி தன் சக்கரங்களில், வழக்கமான சுமையுடன் நிற்கும்போதே தண்டின் நீளத்தை அளக்க வேண்டும். அச்சு மேலும் கீழும் அசைவதற்கேற்ப ஸ்பிளைன் முனை நீளவும் சுருங்கவும் இடம் விட வேண்டும்.

2. பிரிக்கும் முன் அடையாளக் கோடு இட வேண்டும். இரு முனை யோக்குகளும், தயாரிப்பாளர் வேறுவிதமாக அமைத்திருந்தாலன்றி, ஒரே நேர்கோட்டில் அமைதல் அவசியம். மாறினால் நடுக்கம் எழும்.

3. பழைய பற்றுவைப்பை லேத்தில் கடைந்தே நீக்க வேண்டும். சுத்தியலால் அடித்துப் பிரித்தால் யோக் கோணிவிடும்.

4. பற்றவைத்தபின் தண்டைச் சுழற்றி, டயல் கேஜினால் கோணல் பார்த்து நிமிர்த்த வேண்டும். இறுதியில் பாலன்ஸ் செய்யும் இயந்திரம் உள்ள பட்டறையில் எடைச் சமன் செய்துகொள்ள வேண்டும்.

5. முன்முனை கழன்றால் தண்டு தரையில் ஊன்றி வண்டியையே தூக்கிவிடக்கூடும். அதன் கீழே ஓர் இரும்பு வளையம் பொருத்துவது மலிவான காப்பாகும்.

அளவுக்கு மீறிய பலமும் வேண்டாம்

சங்கிலியில் ஒரு கண்ணி வலுத்தால் மற்றொரு கண்ணி அறும். குழாயை மட்டும் மிகக் கனமாக்கினால் அதிர்ச்சி கியர்ப் பெட்டிக்கோ பின் அச்சுக்கோ சென்று சேரும். அவற்றைப் பழுது பார்க்கும் செலவு மிகப் பெரிது. குறைந்த விலையில் கிடைத்து, எளிதில் மாற்றக்கூடிய கிராஸ் என்னும் மூட்டுத் துண்டே முதலில் விட்டுக் கொடுப்பதாக இருத்தல் நல்ல ஏற்பாடு. அதன் வலிமைக்குச் சிறிது மேற்பட்ட குழாயே போதுமானது.

பஞ்சாயத்தின் பொறுப்பிலுள்ள வண்டிக்குப் பழுதுபார்ப்பு விலைப்புள்ளி கேட்கும்போது, “குழாய் மாற்ற” என்று மட்டும் எழுதுவது போதாது. குழாயின் தரம், வெளிவிட்டம், கனம், நீளம் ஆகிய நான்கையும், எடைச் சமன் செய்து தருதல் என்னும் நிபந்தனையையும் குறிப்பிட வேண்டும். அப்பொழுதுதான் மிகக் குறைந்த விலைப்புள்ளி எதனால் குறைந்தது என்பது உறுப்பினர்களுக்கு விளங்கும். சில நூறு ரூபாய் மிச்சப்படுத்தித் தண்ணீர்க் குழாயைப் போட்ட வண்டி மழைக்கால இரவில் நடு மலையில் நின்றுவிட்டால், அம்மிச்சத்தின் விலையைக் கொடுப்பவர் அதில் ஏற்றப்பட்ட நோயாளியே என்பதை நினைவிற் கொள்வோமாக.