கவச வண்டி ஏறிய மதராஸ் பட்டாலியன்

பட்டாலியன் என்பது ஏறத்தாழ 800 வீரர்களைக் கொண்ட காலாட்படைப் பிரிவு. ஒரே வட்டாரத்து ஆட்களைக் கொண்டு அதை அமைத்தால், மொழியும் பழக்கவழக்கமும் பொதுவாக இருப்பதால் நெருக்கடியில் ஒருவரையொருவர் கைவிட மாட்டார்கள் என்பதே இனவாரி ஆட்சேர்ப்பின் அடிப்படை எண்ணம். 1767 செப்டம்பரில் செங்கத்திலும் பின்னர் திருவண்ணாமலையிலும் ஐதர் அலி, நிஜாம் ஆகியோரின் கூட்டுப்படையைக் கர்னல் ஜோசப் ஸ்மித் எதிர்த்தபோது, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் அணிகளில் பெரும்பான்மையாக நின்றவர்கள் தென்னாட்டுச் சிப்பாய்களே.

அத்தகைய பிரிவுகளுள் ஒன்று, 1776இல் தோன்றிய 13ஆவது கர்நாடகப் பட்டாலியன். இங்கே கர்நாடகம் என்பது இன்றைய மாநிலத்தை அன்று, திருவண்ணாமலையை உள்ளடக்கிய ஆற்காட்டு நவாபின் ஆட்சிப்பரப்பையே குறிக்கும். அது 1903இல் 73ஆவது கர்நாடகக் காலாட்படை என்றும், 1922இல் மூன்றாம் மதராஸ் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் என்றும் பெயர் மாறியது. ஆனால் 1880களில் மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் போன்றோர், வடபுலத்துச் சில இனத்தாரே போருக்கு உரியவர்கள் என்ற கொள்கையைப் பரப்பியதால், தெற்கில் ஆளெடுப்பது படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1920களில் அந்த ரெஜிமென்டே கலைக்கப்பட்டது. ஆதாரமற்ற அந்தக் கொள்கை தென்னாட்டு வீரர்களுக்கு இழைத்த அநீதி பெரிது. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்ட பிறகுதான் ரெஜிமென்ட் மீண்டும் உயிர்பெற்றது.

வீரர்களை லாரியில் ஏற்றிச்சென்று களத்துக்கு முன்பே இறக்கிவிடும் படை மோட்டார் காலாட்படை எனப்படும். கவச வண்டிக்குள்ளிருந்தே போரிட்டு, தேவைப்படும்போது மட்டும் இறங்கும் படை இயந்திரக் காலாட்படையாகும். டாங்கிகளுக்கு நடந்துசெல்பவர்களால் ஈடுகொடுக்க இயலாது என்பதால் கவச வண்டிகள் வழங்கப்பட்ட பட்டாலியன்களுள் முதல் மதராஸும் ஒன்று. 1979இல் இயந்திரக் காலாட்படை ரெஜிமென்ட் உருவாக்கப்பட்டு, மகாராஷ்டிரத்தின் அகமத்நகர் அதன் தலைமையிடமானபோது, இப்பட்டாலியன் அதன் முதல் பட்டாலியனாக மாற்றப்பட்டது. ரெஜிமென்டை வளர்த்ததில் பெரும்பங்கு செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் சுந்தர்ஜியுடையது. இந்த ரெஜிமென்ட் எல்லா மாநிலத்தவரையும் சேர்த்துக்கொள்கிறது.

இவர்களின் பிஎம்பி-2 வண்டியில், இயக்குவோர் மூவரும் இறங்கிப் போரிடுவோர் எழுவரும் அமர்வர். 14 டன் எடையுள்ள அது 30 மி.மீ. பீரங்கியைத் தாங்குவதோடு, தன் சங்கிலித் தடங்களைச் சுழற்றியே நீரைப் பின்னுக்குத் தள்ளி ஆற்றையும் நீந்திக் கடக்கிறது. ‘சரத்’ எனப் பெயரிடப்பட்ட இந்திய வடிவம் தெலங்கானாவிலுள்ள மேடக் தொழிற்சாலையில் உருவாகிறது. அதன் 300 குதிரைத்திறன் எஞ்சின் ஆவடியில் தயாராகிறது.