நகரும் வரப்பு

கொல்லிமலையில் செம்மேட்டை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்த ஓர் இளைஞர் இந்தப் பகுதிக்கு எழுதியிருக்கிறார். எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே, சமவெளி நகரமொன்றில் நடக்கும் பயிற்சி நிலையம், கணினி நெட்வொர்க் பற்றிய ஆறு மாத வகுப்பையும் அதன் முடிவில் சி.சி.என்.ஏ. என்னும் சான்றிதழையும் காட்டிப் பெருந்தொகை கேட்கிறதாம். படித்து முடித்தால் உத்தியோகம் நிச்சயம் என்று துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டிருக்கிறதாம். தகப்பனார் இந்த வருஷத்து மிளகு விற்ற பணத்தைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டாராம். கட்டலாமா, வேண்டாமா என்பது அவர் கேள்வி. ஒரு குடும்பத்தின் ஒரு வருஷத்து மிளகு அதில் அடங்கியிருப்பதால், நிதானமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். பயிற்சி நிலையம் எதுவும் சி.சி.என்.ஏ. சான்றிதழைத் தர முடியாது. அதைத் தருவது அமெரிக்காவின் சிஸ்கோ நிறுவனம் ஒன்றே. பரீட்சை 120 நிமிஷம். கட்டணம் 300 டாலர், அதாவது இருபத்தையாயிரம் ரூபாய்க்கு மேல், வரி தனி. தமிழில் எழுத வழியில்லை. பெற்ற சான்றிதழும் மூன்று வருஷங்களில் காலாவதியாகிவிடும். ஆனால் இன்ன பட்டம் பெற்றிருக்க வேண்டும், இன்ன இடத்தில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒன்றும் கிடையாது. ஆகவே நிலையத்துக்குக் கட்டுகிற பணம் போதனைக்கு மட்டுமே உரியது. அந்தப் போதனைக்கு அவ்வளவு விலை தகுமா என்பதை அறிய, பரீட்சைக்கு உயிர்நாடியாக உள்ள ஒரு கணக்கைச் சற்று அருகில் சென்று பார்ப்பது நலம். எனக்கும் அந்தக் கணக்கின்மேல் நெடுநாளாகப் பிரியம் உண்டு.

192.168.10.77 போன்ற ஐ.பி. முகவரி, 32 பிட் கொண்ட, அதாவது ஒன்றோ பூஜ்யமோ நிற்கும் 32 இடங்கள் கொண்ட, ஒரே எண். அந்த ஓர் எண்ணுக்குள் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன: எந்த வட்டாரம், அந்த வட்டாரத்தில் எந்த வீடு. கொல்லிமலையில் ஒருவருக்குக் கடிதம் எழுதும்போது வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு என்று நாட்டின் பெயர் தனியே நிற்கும். ஊரும் வீடும் தனியே நிற்கும். ஒன்று எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்பதில் சந்தேகமே எழாது. ஐ.பி. முகவரியிலோ அந்த எல்லை எழுதப்படுவதே இல்லை. எல்லையைச் சொல்வதற்கென்று சப்நெட் மாஸ்க் என்னும் மற்றோர் எண் கூடவே வருகிறது. அந்த எண்ணில் ஒன்று நிற்கும் இடமெல்லாம் நாடு. பூஜ்யம் நிற்கும் இடமெல்லாம் வீடு.

255.255.255.224 என்ற மாஸ்க்கை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று துண்டுகளும் முழுக்க ஒன்றுகளே. நான்காவது துண்டு இரும எண்ணில் 11100000. நம் முகவரியின் கடைசித் துண்டான 77 என்பது 01001101. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இரண்டிலும் ஒன்று உள்ள இடத்தில் மட்டும் ஒன்றை நிறுத்தினால் 01000000, அதாவது 64 கிடைக்கிறது. 192.168.10.64 என்பதே அந்தக் கணினியின் நாடு. அது 90-ஆம் எண்காரருக்கு ஒரு செய்தி அனுப்ப விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 90 என்பது 01011010. மாஸ்க்கை வைத்துப் பார்த்தால் மறுபடியும் 64 வருகிறது. நம் நாட்டுக்காரர்தான், நேரே கையில் கொடுத்துவிடலாம். 100-ஆம் எண்காரர் என்றால்? 01100100 என்பது 01100000 ஆகிறது, அதாவது 96. அவர் வேற்று நாட்டவர். செய்தியை வாசலில் நிற்கும் ரௌட்டரிடம் ஒப்படைக்க வேண்டியதுதான். நீங்கள் கைப்பேசியில் எதைத் தொட்டாலும், இந்த வகை முகவரியில் செய்தி புறப்படுமுன் நடக்கும் முதல் விசாரணை இதுவே: ஊருக்குள்ளா, மலைக்குக் கீழா?

இதையே நிலப் பாகப்பிரிவினையாக எண்ணிப் பார்த்தால் இதன் அழகு முழுவதும் புலப்படும். 256 குழி நிலம் இருக்கிறது. மாஸ்க்கில் ஒரு பூஜ்யத்தை ஒன்றாக மாற்றினால் அது 128 குழியாக இரண்டுபடும். இன்னொன்றையும் மாற்றினால் 64 குழியாக நான்குபடும். மூன்று சகோதரர்களுக்குச் சமமாகப் பிரிக்க இந்தச் சாஸ்திரத்தில் இடமே இல்லை. நான்காக்கி ஒரு பாகத்தைத் தரிசாக விட வேண்டும், அல்லது மூத்தவர் பாதியை எடுத்துக்கொண்டு இளையவர் இருவருக்கும் கால் கால் தர வேண்டும். நினைத்த இடத்தில் வரப்புப் போடவும் முடியாது. 64 குழிப் பாகம் 0, 64, 128, 192 ஆகிய இடங்களில் மட்டுமே தொடங்கலாம். ஒவ்வொரு பாகத்திலும் முதல் குழியும் கடைசிக் குழியும் சாகுபடிக்கு ஆகா. முதல் எண் அந்த நிலத்துக்கே பெயராக நிற்பது. கடைசி எண் அங்குள்ள அத்தனை பேரையும் ஒரே குரலில் கூப்பிடுவதற்கு ஒதுக்கப்பட்டது. எட்டுப் பாகமாக்கினால் 16 குழி வரப்புக்குப் போய் 240 மிஞ்சும். 64 பாகமாக்கினாலோ, பாகத்துக்கு நான்கு குழி, அதில் இரண்டு வரப்பு. 256-இல் 128 குழி வரப்பாகவே ஒழிந்துவிடும். தகப்பன் வைத்த நிலத்தைத் தலைமுறைதோறும் கூறுபோட்டு, மலைச்சரிவின் ஒடுங்கிய தட்டுகளில் சாமையும் கேழ்வரகும் விதைத்தவர்களுக்கு இந்த நஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை.

இதற்கும் கீழே, பாகத்துக்கு இரண்டே குழியாகப் பிரித்தால் என்ன ஆகும்? இரண்டும் வரப்பாகிப் பயிருக்கு இடமே இராது என்றுதான் வெகுகாலம் கருதியிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 3021 என்னும் ஆவணம் அதை வேறு விதமாக நோக்கிற்று. இரண்டு ரௌட்டர்களை மட்டும் இணைக்கிற கம்பியில், ஒரு முனையில் இருப்பவர் எல்லோரையும் கூப்பிட்டாலும் எதிர்முனையில் கேட்பவர் ஒருவர்தானே. அவ்வாறிருக்க, எல்லோரையும் கூப்பிடுவதற்கென்று தனி எண் எதற்கு? வரப்பை எடுத்துவிட்டு இரண்டு குழியிலும் பயிர் வைத்துக்கொள்ள அந்த ஆவணம் அனுமதித்தது. வரப்பே இல்லாத இரண்டு குழியை நிலமென்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டு வாசல்களுக்கு நடுவே கிடக்கும் ஒற்றையடிப் பாதை என்று வேண்டுமானால் சொல்லலாம். உவமை அதற்குமேல் இடம் கொடுக்கவில்லை. ஆனால் முதல் குழியும் கடைசிக் குழியும் எதற்காக ஒதுக்கப்பட்டன என்று அறிந்த மாணவர், இந்த விலக்கை யாரும் சொல்லாமலே ஊகித்துவிடுவார்; இரண்டைக் கழிக்க வேண்டும் என்று சூத்திரமாக மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே திகைத்து நிற்பார்.

சரித்திரம் வேண்டுவோருக்கு நான்கு வரி. 1981-இல் வகுத்த முறையில் வரப்புகள் நகராதவை. 256 போதாதவருக்கு 65,536, அதுவும் போதாதவருக்கு ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கு மேல் என்று மூன்றே அளவுகளில் நிலம் கிடைத்தது. 1985-இல் அவரவர் நிலத்துக்குள் வரப்பை நகர்த்தலாம் என்று விதி பிறந்தது. 1993-இல் எங்கும் நகர்த்தலாம் என்றாயிற்று. விதேஷ் சஞ்சார் நிகம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது 1995 ஆகஸ்ட் 15-இல். சிஸ்கோ இந்தப் பரீட்சையைத் தொடங்கியது 1998-இல். 2020 பிப்ரவரியில் அது புதிய வடிவம் பெற்றது.

இனி, துண்டுப் பிரசுரத்துக்கு வருவோம். சான்றிதழை அளிப்பவரே வேலைக்கு உறுதி கூறாதபோது, நடுவில் நிற்பவர் எந்த ஆதாரத்தில் கூறுகிறார் என்று கேட்க அந்த இளைஞருக்கு உரிமை உண்டு. இந்தச் சான்றிதழ் பெரும்பாலும் திறந்துவிடும் முதல் கதவு, 'நாக்' என்று தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் கண்காணிப்பு அறையின் இரவு ஷிப்டுதான். திரையில் எந்த இணைப்பு அறுந்தது என்று பார்த்துக் குறித்து, மேலே உள்ளவருக்குத் தகவல் சொல்லும் உத்தியோகம். தொடக்கச் சம்பளம் பெரிதல்ல. தொழிலைக் கற்க அது நல்ல இடம் என்பதும் உண்மை. கல்லூரி வளாகத்துக்கே கம்பெனிகள் வந்து ஆள் எடுக்கும் பாக்கியம் பெற்றவருக்கு இந்தப் பத்திரத்தால் அதிகப் பிரயோஜனமில்லை. பெயர் தெரியாத பாலிடெக்னிக்கில் படித்து, சென்னையிலோ பெங்களூரிலோ சிபாரிசுக்கு ஒருவரும் இல்லாத மலைப்பிள்ளைக்கு, தமக்காகச் சாட்சி சொல்ல இது ஒரு காகிதம்; அந்த அளவில் அதற்கு மதிப்பு உண்டு என்பதை நான் மறுக்கமாட்டேன். கம்ப்டியா என்னும் அமைப்பு நடத்தும் நெட்வொர்க் பிளஸ் எந்தக் கம்பெனியின் சாதனத்தையும் சாராதது, பாடமும் நன்று. ஆயினும் நம் நாட்டு வேலை விளம்பரங்களில் மிகுதியும் காணப்படுவது சி.சி.என்.ஏ.தான்.

'டம்ப்' என்று மாணவரிடையே புழங்கும், பரீட்சையிலிருந்து களவாடிய வினாத்தொகுப்பை நெட்டுருப் போட்டுத் தேறுகிற வழியும் இருக்கிறது. நேர்முகத்தில் ஒருவர் வெள்ளைத்தாளை நீட்டி, 77-ஆம் எண் எந்த நாட்டைச் சேர்ந்தது என்று கேட்ட மாத்திரத்தில் அந்த வழி முடிந்துபோகும்; அகப்பட்டால் சான்றிதழையே ரத்துசெய்யும் அதிகாரமும் சிஸ்கோவுக்கு உண்டு. மேகக் கணினி வந்துவிட்டதால் இந்தப் படிப்பே வீண் என்பாரும் உளர். மேகத்தில் தனி நெட்வொர்க் ஒன்று அமைக்கப் புகுந்தால், ஆரம்பத்திலேயே கேட்கப்படுவது வரப்பு எங்கே என்ற இதே எண்தான்.

போதனைக்குப் பணம் இல்லாமலே வழி இருக்கிறது. ரௌட்டரும் சுவிட்சும் வாங்காமல் திரையிலேயே அமைத்துப் பழகுவதற்கு, சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் கணினி நெட்வொர்க் பற்றி நடத்திய முழுப் பாடமும் என்.பி.டெல். தளத்தில் இருக்கிறது, கேட்பதற்குக் காசு வேண்டாம், ஆங்கிலத்தோடு சற்றுப் பொறுமை வேண்டும். கற்றது சொந்த ஊருக்கே உதவவும் கூடும். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டம் டான்ஃபிநெட் நிறுவனத்தின் பொறுப்பில் நடைபெறுகிறது. அந்த இழை ஒரு மலையூரில் அறுந்துபோனால், கீழேயிருந்து ஆள் ஏறி வரும்வரை காத்திராமல், பழுது எங்கே என்று சொல்லத் தெரிந்தவர் ஒருவர் அந்த ஊரிலேயே இருப்பது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை மலையில் வாழ்பவர்கள் அறிவார்கள்.

ஆகவே, தம்பி, நிலையத்துக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். மிளகுப் பணம் அப்பாவிடமே இருக்கட்டும். ஆறு மாதம் வீட்டிலிருந்தே படியுங்கள். படிக்கும்போது இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்: முகவரி 172.16.45.200, மாஸ்க் 255.255.240.0. இதன் நாடு எது, அந்த நாட்டின் கடைசி எண் எது? யந்திரத்தின் துணையில்லாமல், ஒரு நிமிஷத்துக்குள், 172.16.32.0 என்றும் 172.16.47.255 என்றும் உங்கள் பென்சில் விடை எழுதுகிற நாளில், பரீட்சைக் கட்டணத்தை மட்டும் அப்பாவிடம் கேட்டு வாங்கிக் கட்டுங்கள்.