சாரல் காலத்துப் புழு

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசிப் பக்கம் பேச்செல்லாம் சாரலைப் பற்றித்தான். ஆரியங்காவு கணவாய் வழியே ஈரக்காற்று இறங்குகிறது, குற்றாலத்தில் அருவி விழுகிறது, ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு குளிக்க வருகிறார்கள். அதே வாரங்களில் செங்கோட்டை, இலஞ்சி வட்டாரத்துப் புல்லில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டமும் மேலே ஏறுகிறது. அது போய்ச் சேர வேண்டிய இடம் ஆட்டின் வயிறு.

ஹீமாங்கஸ் என்பது அதன் பெயர். ஆட்டின் நான்காம் இரைப்பையில் இருந்துகொண்டு ரத்தம் குடிக்கும் புழு. பெண் புழுவின் நீளம் 2 முதல் 3 செ.மீ. ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலை வெள்ளைக் கருப்பை சுற்றிக்கொண்டிருப்பதால், இரு நிற நூலை முறுக்கித் திரித்த கயிறு போல இருக்கும். ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது சுமார் 0.05 மில்லி, அதாவது ஒரு சொட்டு. ஆயிரம் புழு என்றால் தினமும் 50 மில்லி. 15 கிலோ குட்டியின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான்.

இந்தப் புழுவால் பெரும்பாலும் கழிச்சல் வராது. புழுக்கை உருண்டையாக, நல்லபடியாகவே விழும். அதனால் ஆடு வளர்ப்பவருக்குச் சந்தேகம் தட்டுவதில்லை. ஆடு மெலியும், மந்தையில் பின்தங்கும், தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கும். அப்போது பார்த்தால் காலம் கடந்திருக்கும்.

ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்குக் குறையாமல் முட்டையிடும். அவை புழுக்கையோடு வெளியேறி, வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் ஒரு வாரத்துக்குள் தொற்றும் பருவத்துப் புழுக்குஞ்சாகிவிடும். இந்தப் பருவத்தில் ஒரு விசித்திரம். பழைய தோலைக் கழற்றாமல் உறையாகப் போர்த்திக்கொள்வதால் அதற்கு வாய் அடைபட்டுவிடுகிறது. சாப்பிட முடியாது. உடம்பில் சேர்த்து வைத்ததைச் செலவழித்தபடி, புல்லின் மேல் படிந்த நீர்ப்படலத்தில் நெளிந்து ஏறி, ஏதாவது ஓர் ஆடு கடிக்கக் காத்திருக்கும். காய்ந்த வெயிலில் சீக்கிரமே செத்துவிடும்.

இங்கேதான் தென்காசி மாவட்டத்தின் நிலவமைப்பு சூது செய்கிறது. ஆடி மாதம் ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கம் வறண்ட காற்றுதான், புழுக்குஞ்சு காய்ந்துபோகும். மலையடிவாரத்திலோ புல் நனைந்தே கிடக்கும். அந்த ஈரம் போய்ச் சில வாரங்களில் ஐப்பசி மழை வந்துவிடும். ஆக, மற்ற ஊர்ப் புழுவுக்கு ஆண்டில் ஒரு மழைக்காலம், குற்றாலத்துப் புழுவுக்கு இரண்டு.

மருந்துக்குப் பஞ்சமில்லை. 1961இல் தயாபெண்டசோல் வந்தது. மூன்றே ஆண்டுகளில் அதற்கு மசியாத ஹீமாங்கஸ் புழுவைக் கண்டார்கள். 1981இல் ஐவர்மெக்டின் சந்தைக்கு வந்தது. ஜப்பானில் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்த நுண்ணுயிரிலிருந்து அது கிடைத்தது. அவருக்கும் வில்லியம் கேம்பெல்லுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைப்பதற்குள் அதையும் பல புழுக்கள் தாண்டிவிட்டன.

குதிரைக்காரர்களும் இதே பாடத்தைப் படித்தவர்கள்தான். 1966இல் அமெரிக்காவின் கென்டகியில், எல்லாக் குதிரைக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மருந்து என்று ஒரு முறை வகுத்தார்கள். ரத்தக்குழாயை அடைக்கும் பெரிய புழு வெகுவாகக் குறைந்தது. சிறிய புழுக்கள் மருந்தைப் பழகிக்கொண்டன. இன்று குதிரை மருத்துவர்கள் சாணத்தில் முட்டையை எண்ணிப் பார்த்த பிறகே மருந்து எழுதச் சொல்கிறார்கள். காரணம், சுமார் 20 சதவீதக் குதிரைகளே 80 சதவீத முட்டைகளை உதிர்க்கின்றன. ஆட்டு மந்தையிலும் புழு சிலவற்றில்தான் குவிந்திருக்கும்.

எந்த ஆடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தென்னாப்பிரிக்காவின் ஃபாஃபா மாலன் அதற்குக் கண்ணைக் காட்டினார். மேல் இமையைக் கட்டைவிரலால் மூடி லேசாக அழுத்தி, மற்றொரு கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்தால் உள்சவ்வு பிதுங்கும். பகல் வெளிச்சத்தில் அதன் நிறத்தை ஐந்து படி கொண்ட வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். சிவப்பு என்றால் விட்டுவிடலாம், வெளுத்திருந்தால் மருந்து. மருந்து படாத ஆட்டிலிருந்து வரும் சாதுவான புழுக்கள், மருந்துக்குத் தப்பிய முரட்டுப் புழுக்களோடு கலந்து அவற்றின் வீரியத்தை நீர்த்துப்போகச் செய்யும். கொஞ்சம் புழுவை உயிரோடு விட்டுவைப்பதே மருந்தைக் காப்பாற்றும் வழி என்பது கேட்க விநோதமாகத்தான் இருக்கிறது. (ஈரல் தட்டைப்புழுவாலும் கண் வெளுக்கும், அதை மறந்துவிடக் கூடாது.)

மருந்து கொடுப்பதிலும் கவனம் வேண்டும். கண்மதிப்பில் எடையைக் குறைத்துப் போட்டால் புழு சாகாது, பழகிக்கொள்ளும். செம்மறிக்கான அளவு வெள்ளாட்டுக்குப் போதாது. அதன் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் ஆகாது. தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும்.

சாரலுக்கு முன்பே புதுப் புழுக்கையை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு அரசு கால்நடை மருத்துவரிடம் போங்கள். சாணப் பரிசோதனைக்குப் பிறகு மருந்து கொடுத்து, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுத்துப் போங்கள். முட்டை 95 சதவீதமாவது குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் மந்தைக்கு வேலை செய்யவில்லை. வேறு மருந்தைக் கேளுங்கள்.